பூஸ்டரை மிதித்தால் ஆம்ப் ஏன் அலறுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

“அண்ணாச்சி, பெடல மிதிச்சா சத்தம் கூடும்னாங்க. கூடவே மாட்டங்கு. கொசு மாதிரி ஙொய்ங்குனு மெலிஞ்சு போவுது. பெடல் கம்ப்ளெய்ண்டா இருக்குமோ?”

பாளையங்கோட்டையில் என் மாடியறைக்குச் சாயங்காலம் ட்ரெபிள் பூஸ்டர் என்ற கிட்டார் பெடலைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சர்ச்சில் வாசிப்பவர்கள், கோயில் கொடைக்குப் போகும் மெல்லிசைக் குழுக்காரர்கள், கம்பியைத் தளர்த்திவிட்டு மெட்டல் வாசிக்கும் காலேஜ் பிள்ளைகள் என்று எல்லா வகையும் உண்டு. திறந்து பார்த்தால் பெடலில் பெரும்பாலும் ஒரு பழுதும் இருக்காது. ட்ரெபிள் பூஸ்டர் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை அவர்களுடைய ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஏற்கெனவே உள்ளுக்குள் செய்துகொண்டிருக்கும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதால் வரும் தகராறு அது.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இது ட்ரெபிளை (மேல்சுருதியை) கூட்டும் பெடல் என்பதைவிட, பேஸை (கீழ்ச்சுருதியை) வெட்டிவிட்டு மிச்சத்தைப் பெரிதாக்கும் பெடல் என்று நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சனை புரிந்துவிடும். 1960களின் நடுவில் லண்டனிலிருந்து வந்த டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர்தான் இந்தக் குடும்பத்துக்கு மூத்தது. உள்ளே ஓசி44 என்ற ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். வாசலில் 5 நானோஃபாரட் அளவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அந்தச் சின்னதுதான் பேஸை உள்ளே விடாமல் தடுக்கிற காவல்காரன். தாண்டி வருவதை டிரான்சிஸ்டர் 20 டெசிபலுக்கு மேல், அதாவது பத்து மடங்குக்கு மேல், தூக்கிக் கொடுக்கும்.

அந்தக் கால ஆம்புகளை முழுச் சத்தத்தில் வைத்தால் பேஸ் குழைந்த சாதம் மாதிரி ஆகிவிடும், மேல்சுருதி மங்கிவிடும். அதற்கு இந்த வெட்டு மருந்தாக இருந்தது. ராக் கிட்டார்க்காரர்கள் ரோரி கேலகரும் பிரையன் மேயும் வாக்ஸ் ஏசி30 ஆம்புக்கு முன்னால் பூஸ்டர் வைத்தார்கள். டோனி ஐயோமி லேனி ஆம்புக்கு முன்னால் வைத்தார். அந்த ஆம்புகள் ஒன்றும் இன்றைய அர்த்தத்தில் ஹை கெயின் ஆம்ப் (சிக்னலை உள்ளேயே பல மடங்கு பெருக்கிக் கரகரக்கவைப்பது) அல்ல. 1992-ல் வந்த பீவி 5150, அதே காலத்து மெசா டூயல் ரெக்டிஃபையர் போன்றவற்றில் கெயின் அடுக்கடுக்காக இருக்கிறது. கெயினைக் கூட்டும்போது சத்தம் குழையக் கூடாது என்று வழியிலேயே பேஸைக் குறைத்துக்கொண்டும் வருவார்கள். அப்படி ஒன்றின் தலையில் பூஸ்டரை வைத்தால், கொதிக்கிற சொதியில் இன்னொரு கைப்பிடி மிளகாய் போட்ட கதைதான்.

அதனால் கீழே எந்த அறிகுறியைப் படிக்கும் முன்னும் ஒன்று செய்யுங்கள். ஆம்பின் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டுப் பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

போர்டில் உள்ள எல்லாப் பெடலையும் கழற்றுங்கள். கிட்டார், ஒரு கேபிள், பூஸ்டர், இன்னொரு கேபிள், ஆம்ப். அவ்வளவுதான். பூஸ்டருக்கு எலிமினேட்டர் (கரண்ட் அடாப்டர்) வேண்டாம், புது 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். இப்போது மூன்று கேள்விகள்.

பேட்டரியில் ஓடும்போது தொல்லை போய்விட்டதா? குற்றவாளி கரண்ட் பக்கம் இருக்கிறான். கிட்டார் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் இரைச்சல் அடங்குகிறதா? அது கிட்டாரிலிருந்து, பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் சுருள்) வழியாக வருகிறது. அடங்கவில்லையா? பெடலையும் கழற்றிவிட்டு ஆம்பை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் பெடலைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இந்தச் சோதனையைச் செய்யாமலேயே டிரான்சிஸ்டரை மாற்றி, கெப்பாசிட்டரை மாற்றி, கடைசியில் பார்த்தால் கேபிளின் ஜாக்கில் ஈயப் பற்று விட்டுப்போயிருக்கும். நானே இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

“சத்தம் மெலிஞ்சு கொசுவாட்டம் ஆயிருது”

முதல் காரணம், பெடல் வெட்டிய பேஸை ஆம்பில் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. மார்ஷல் ஜேசிஎம்800 வழியில் வந்த ஆம்புகளிலும் ரெக்டிஃபையர் வகையிலும் டோன் திருகுகள் கெயின் அடுக்குகளுக்குப் பின்னால் இருக்கின்றன. பூஸ்டர் வெட்டுவது கெயினுக்கு முன்னால். ஆகவே ஆம்பில் பேஸ் திருகைத் தாராளமாகக் கூட்டலாம். சத்தம் இறுக்கமாகவே இருக்கும், உடம்பும் வந்துவிடும். ட்ரெபிளையும் பிரசென்ஸையும் இறக்குங்கள். பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பெடலை மட்டும் சேர்த்தால் காதில் ஊசி குத்தத்தான் செய்யும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மெசா மார்க் வரிசை ஆம்புகளில் டோன் திருகுகள் கெயினுக்கு முன்னால் இருக்கும். அங்கே பேஸைக் கூட்டினால் குழைவு திரும்பி வந்துவிடும். பேஸைக் குறைத்தே வைத்து, பின்னால் உள்ள ஈக்குவலைசரில் ஏற்ற வேண்டும்.

திருகில் சரியாகவில்லை என்றால் வாசல் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 4.7 நானோ இருக்கும் இடத்தில் 10 நானோ போட்டால் நடுச்சத்தம் உள்ளே வரும். 47 நானோ போட்டால் ஏறக்குறைய முழுச் சத்தமும் வரும். அப்புறம் அதை ட்ரெபிள் பூஸ்டர் என்று சொல்வது மரியாதைக்குத்தான். என் பெடலில் மூன்றுக்கும் ஒரு மூன்று நிலை ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். ஹை கெயின் ஆம்புக்கு முன்னால் நான் வைப்பது 10 நானோதான்.

பூஸ்டர் ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (கெயினுக்குப் பின்னால் பெடல் மாட்டும் வாசலில்) கிடந்தால் எடுத்து முன்வாசலில் மாட்டுங்கள். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பேஸை வெட்டினால் தகரத்தைத் தட்டிய சத்தம்தான் மிச்சம்.

“மிதிச்சாலும் ஒண்ணும் ஆகல, இரைச்சல் மட்டும் கூடுது”

ஆம்ப் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. குடம் நிறைந்த பிறகு குழாயை இன்னும் திறந்துவிட்டால் தண்ணீர் தரையில்தான் போகும். வாசிக்கிற சத்தம் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக வழியில்லை. ஆனால் நீங்கள் வாசிக்காத நேரத்து ‘உஸ்ஸ்’ சத்தத்துக்குப் பெரிதாக இடம் இருக்கிறது. பூஸ்டர் அதைத்தான் தூக்குகிறது. அதுவும் மேல்சுருதி இரைச்சலைத் தேடிப் பிடித்துத் தூக்கும்.

ஆம்ப் கெயினை, கார்டு வாசித்தால் லேசாகக் கரகரக்கும் இடத்துக்கு இறக்குங்கள். பூஸ்டரின் திருகு பாதியில் இருக்கட்டும். இப்போது மிதித்தால்தான் வித்தியாசம் என்றால் என்னவென்று தெரியும். மாஸ்டர் வால்யூமைக் கூட்டித் தேவையான சத்தத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் காலேஜ் பிள்ளைகளின் முகம் வாடும். கெயின் திருகு பத்தில் இல்லாவிட்டால் மெட்டலே இல்லை என்று நினைப்பு. அவர்களுக்குப் பிடித்த வாத்தியக்காரர்களில் பலர் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பெடலில் டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து, லெவலை மட்டும் முழுதாக ஏற்றித்தான் ஆம்பைத் தள்ளுகிறார்கள். அதுவும் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைக்கிற பெடல்தான். வேலை அதே வேலை, கொஞ்சம் சாதுவான கை.

சின்ன மார்ஷல் எம்ஜி, கட்டானா போன்ற டிரான்சிஸ்டர் அல்லது டிஜிட்டல் ஆம்ப் என்றால் கிளீன் அல்லது கிரஞ்ச் சேனலில் பூஸ்டரைப் பாருங்கள். ஹை கெயின் சேனலில் முன்வாசலே திணறிச் சப்பையாக உடையும். வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்பின் சத்தம் உடைவதுபோல அது இனிமையாக உடையாது.

“முதல்ல அடிச்ச நோட்டு மூச்சு முட்டி, பிறகு வருது”

இது சற்று நுணுக்கமானது. ஆம்பின் முதல் 12ஏஎக்ஸ்7 வால்வு சுமார் ஒன்றரை வோல்ட் வரைதான் நிம்மதியாகத் தாங்கும். பூஸ்டர் அதற்கு மேலே பல மடங்கு தரக்கூடியது. அளவு மீறினால் வால்வுகளுக்கு நடுவில் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் ஏறிக்கொண்டு, அடுத்த வால்வு ஒரு கணம் அடைத்துப் போகும். மின்னூட்டம் வடிந்ததும் சத்தம் திரும்பும். கேட்பதற்கு, விக்கல் எடுத்தவன் பேசுவது மாதிரி இருக்கும். மருந்து எளிது: பூஸ்டரின் வெளிவரும் அளவைக் குறையுங்கள். அதிலும் தீராவிட்டால், அடுத்து வரும் வெயில் பகுதியைப் படியுங்கள். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி இருக்கும்.

“காலைல நல்லா இருந்துச்சு, மத்தியானம் செத்துப் போச்சு”

லண்டன்காரன் எழுதி வைத்ததில் இருக்காத பிரச்சனை இது. நம் ஊருக்கே சொந்தம்.

ஒரு சித்திரைக் கொடை. நாங்குநேரிப் பக்கம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கொட்டகைக்கு அடியில் சவுண்ட் செக். காலையில் வீட்டில் தேனாக ஒலித்த என் ஜெர்மானியம் பூஸ்டர், அங்கே நோட்டு அடித்ததும் ‘பர்ர்’ என்று கிழிந்து, வால் வருவதற்குள் அறுந்துவிட்டது. பேட்டரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். தபேலாக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “வே, பெட்டிய நெழல்ல வையும், தொட்டா சுடுது.” கறுப்புப் பெயின்ட் அடித்த அலுமினியப் பெட்டி, நேர் வெயிலில். நிழலில் ஈரத்துண்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கால் மணி நேரம் கழித்து வாசித்தால் உயிர் வந்துவிட்டது.

காரணம் இது. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வேண்டாத கசிவு கரண்ட் ஒன்று எப்போதும் ஓடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிக்கும். 25 டிகிரி அறையில் பயாஸ் (டிரான்சிஸ்டர் சும்மா நிற்கும்போதைய வோல்ட்டேஜ் அளவு) வைத்த பெடலைக் கத்திரி வெயிலின் 40 டிகிரிக்குக் கொண்டுபோனால் கசிவு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பெட்டி வெயிலில் காய்ந்தால் உள்ளே இன்னும் கூடுதல். கசிவு ஏற ஏற டிரான்சிஸ்டர் தேவைக்கு மேல் கரண்ட் இழுக்கும், கலெக்டர் வோல்ட்டேஜ் இறங்கும். (கொக்கிரகுளத்தில் இருக்கிற கலெக்டர் இல்லை, டிரான்சிஸ்டரின் கால்.) அது ஆடுவதற்கு இடமில்லாமல் போனதும் சத்தம் நசுங்கிவிடும்.

அளந்து பார்ப்பது கடினமில்லை. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பெடலின் எர்த்தில், இன்னொன்று கலெக்டரில். ரேஞ்ச்மாஸ்டர் வகையில் கலெக்டர் 7 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். பழைய பாசிட்டிவ் எர்த் பெடல் என்றால் மைனஸ் 7 என்று காட்டும். இப்போது டிரான்சிஸ்டரின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்புச் சூட்டுக்கே எண் மெல்ல இறங்குவதைப் பார்க்கலாம். அரை நிமிடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால், அந்த டிரான்சிஸ்டர் கசிவு அதிகமுள்ளது. திருநெல்வேலி மேடைக்கு அது ஆகாது.

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கசிவு குறைந்த ஜெர்மானியத்தைத் தேடிப் பொறுக்குவது. காசும் பொறுமையும் வேண்டும். இரண்டு, 68 கே ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 100 கே ப்ரீசெட் (திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, மேடையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் கலெக்டரை மறுபடி 7-க்குக் கொண்டுவருவது. சாயங்காலம் காற்று வந்ததும் மறுபடி திருக வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று, நான் செய்தது: சிலிக்கானுக்கு மாறுவது. பிசி109, பிசி549 எதுவானாலும் சரி, கசிவு கணக்கிலேயே வராது. இவை என்பிஎன் வகை, ஓசி44 பிஎன்பி வகை; அதனால் பேட்டரியையும் துருவமுள்ள கெப்பாசிட்டர்களையும் திருப்பிப் போட வேண்டும். சிலிக்கானுக்கு வாசல் வோல்ட்டேஜ் அரை வோல்ட் போலக் கூடுதலாக வேண்டும், அதனால் 68 கே-வை 100 கே ஆக்கிவிடுங்கள்; கலெக்டர் பழையபடி 7 வோல்ட்டுக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும்.

“ஜெர்மானியம் இல்லாட்டி அந்த எழவு டோன் வராதே” என்பவர்கள் உண்டு. ஏசி அறையில், கெயின் குறைந்த ஆம்பில், அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐந்து அடுக்குக் கெயினுக்கு முன்னால், அம்மன் கோயில் கொடையில், பக்கத்தில் நையாண்டி மேளம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போது, டிரான்சிஸ்டர் எதால் ஆனது என்று கண்டுபிடிக்கிற காதை நான் இன்னும் பார்க்கவில்லை.

“மத்த பெடலோட சேர்த்து மாட்டுனா எல்லாமே அணைஞ்சிருது”

பழைய வடிவமைப்பை அப்படியே நகலெடுத்த ஜெர்மானியம் பூஸ்டர்களில் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். உங்கள் மற்ற பெடல்களில் மைனஸ் எர்த். ஒரே எலிமினேட்டரிலிருந்து ஒயரைப் பிரித்துப் பிரித்து இரண்டுக்கும் கொடுத்தால், கிட்டார் கேபிளின் எர்த் வழியாகப் பிளஸும் மைனஸும் கை குலுக்கிக்கொள்ளும். எலிமினேட்டர் சூடேறும், வரிசை முழுக்க அணையும். ‘பாசிட்டிவ் கிரவுண்ட்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அந்தப் பெடலுக்குத் தனிப் பேட்டரி, அல்லது ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை. நடுவழி கிடையாது.

“எறும்பு சைஸ்ல ஒரு ‘கீ...’ சத்தம் விடாம கேக்குது”

இந்தப் பாசிட்டிவ் எர்த் தொல்லை வேண்டாம் என்று சில பெடல்களில் 7660 மாதிரி ஓர் ஐசி வைத்து, பிளஸ் 9-ஐ மைனஸ் 9 ஆகத் திருப்பியிருப்பார்கள். அந்த ஐசி வினாடிக்குப் பத்தாயிரம் தடவை போல ஸ்விட்ச் ஆகிக்கொண்டிருக்கும். பத்து கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்குள் வரும் சத்தம். சாதாரண ஆம்பில் கவனிக்க மாட்டீர்கள். ஹை கெயினில் அது ஊசியாக நிற்கும். ஐசி 7660எஸ் அல்லது எம்ஏஎக்ஸ்1044 என்றால் (வெறும் 7660-ல் இந்த வசதி இல்லை) அதன் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைத்தால் அந்த வேகம் காதுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிடும். ஒரு சின்ன ஒயர், அவ்வளவுதான் வேலை. உள்ளே இருப்பது எம்ஏஎக்ஸ்1044 என்றால் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஒழுங்குபடுத்தாத மலிவு எலிமினேட்டர் 9 என்று எழுதிக்கொண்டு 12 தரும், ஐசி புகைந்துவிடும். மாட்டும் முன் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

“வாசிக்கதை நிறுத்துனா விசில் அடிக்கி”

இதில் இரண்டு வகை. கிட்டார் ஆம்பைப் பார்த்து நிற்கும்போது வந்து, திரும்பினால் போகிறதா? அது ஒலி திரும்பிச் சுழல்வது. தள்ளி நில்லுங்கள், கெயினைக் குறையுங்கள். பிக்கப்பின் காயில் மெழுகில் முக்கப்படாததாக இருந்தால் இந்தச் சுழல் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டக் டக்’ என்று மைக் மாதிரி கேட்கும், அதுதான் அடையாளம்.

கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்கியும் விசில் நிற்கவில்லையா? ஆம்பின் முதல் வால்வைச் சந்தேகப்படுங்கள். ஆம்பின் பின்பக்கத் திறப்பு வழியாக, பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு சின்ன வால்வின் கண்ணாடியையும் மெதுவாகத் தட்டுங்கள். எது கோயில் மணி மாதிரி ஒலிக்கிறதோ அதை மாற்றுங்கள். பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேசிஸைக் கழற்ற வேண்டாம். வால்வு ஆம்பில் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

“பெடலுக்குள்ள ரேடியோ பாடுது”

சிலிக்கான் பூஸ்டர் கட்டிய புதிதில் எனக்கு நடந்தது. ராத்திரி வாசிப்பை நிறுத்தியதும் ஆம்பிலிருந்து மெல்லியதாகச் செய்தி வாசிக்கும் குரல். வீட்டில் அம்மா ரேடியோவை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ரேடியோ அணைந்துதான் இருந்தது. சிலிக்கான் டிரான்சிஸ்டருக்குக் கெயினும் வேகமும் அதிகம். கிட்டார் கேபிள் ஏரியல் மாதிரி நின்று மத்திய அலை ஒலிபரப்பைப் பிடித்துக் கொடுக்க, டிரான்சிஸ்டர் அதைப் பிரித்தெடுத்து ஆம்புக்கு அனுப்பிவிடுகிறது.

டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் சிக்னல் நுழையும் காலுக்கும் நடுவில் 47 முதல் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். ரேடியோ போகும், மேல்சுருதியின் கூர் முனையும் கொஞ்சம் மழுங்கும். ஹை கெயினுக்கு அதுவும் நல்லதுக்குத்தான். பெட்டி உலோகமாக, எர்த்தோடு இணைந்ததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிவிட்டு என்னிடம் கேட்காதீர்கள்.

“கொடைக்குப் போனா மட்டும் பர்ர்ருனு இருக்கு”

வீட்டில் சுத்தமாக இருந்து மேடையில் மட்டும் இரைந்தால் சுற்றிப் பாருங்கள். சீரியல் செட், அதை மின்னவைக்கும் கன்ட்ரோலர், டியூப்லைட் சோக், பக்கத்தில் ஜெனரேட்டர். சிங்கிள் காயில் பிக்கப் இதையெல்லாம் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும். பர்ர் சத்தத்தில் மேல்சுருதி நிறைய உண்டு, பூஸ்டருக்கு அது விருந்து. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு மாறுங்கள், அல்லது நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெல்லச் சுற்றி, சத்தம் குறையும் திசையைக் கண்டுபிடியுங்கள். வேடிக்கையாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும்.

காதால் பிரித்தறிய ஒரு குறிப்பு. கனமான ‘ஊம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வருவது. ஆம்பையும் பெடல் எலிமினேட்டரையும் ஒரே பலகையிலிருந்து எடுத்தால் அடங்கும். கொஞ்சம் கரகரப்பான ‘ர்ர்ர்’ என்றால் 100 ஹெர்ட்ஸ். எலிமினேட்டரின் வடிகட்டும் கெப்பாசிட்டர் மோசம். எலிமினேட்டரை மாற்றுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் மூன்றாவது பின்னை உடைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. “எர்த்த வெட்டிரு, சத்தம் போயிரும்” என்று மைக் செட்டுக்காரரே சொல்வார். சத்தம் போகும்தான். ஆம்புக்குள் ஓர் ஒயர் நழுவிச் சேசிஸைத் தொட்டால் 230 வோல்ட் கிட்டார் கம்பிக்கு வரும். வாசிப்பவர் இடது கையில் கம்பி, உதட்டுக்குப் பக்கத்தில் எர்த் ஆன மைக். அந்தப் பின்னை உடைத்த ஆம்ப் வந்தால், வேறு வேலைக்கு முன் நான் பிளக்கைத்தான் மாற்றுவேன்.

“வயர்லெஸ் வாங்குனதுக்கு அப்புறம் பெடல் கடிக்கி”

ரேஞ்ச்மாஸ்டர் வகைப் பெடலின் உள்வாசல் மின்தடை குறைவு. கிட்டார் பிக்கப்பை அது நேராகப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த இழுப்பில்தான் ட்ரெபிளின் முனை மழுங்கி இனிமை வருகிறது. நடுவில் வயர்லெஸ் ரிசீவரோ, பஃபர் (பிக்கப்பையும் பெடலையும் பிரித்துவைக்கும் சர்க்யூட்) உள்ள ட்யூனரோ, பேட்டரி போட்ட ஆக்டிவ் பிக்கப்போ வந்தால் அந்த இழுப்பு பிக்கப்புக்குத் தெரியாது. முழு ட்ரெபிளும் முரட்டுத்தனமாக உள்ளே வரும். கிட்டார் வால்யூமைக் குறைத்தால் சத்தம் சுத்தமாகும் வித்தையும் போய்விடும்.

பூஸ்டர் வரிசையில் முதலாவதாக இருக்கட்டும், பஃபர் உள்ளவை அதற்குப் பின்னால். வயர்லெஸை விட முடியாது என்றால் பூஸ்டருக்கு முன்னால் 10 கே போல ஒரு ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தால் கடி குறையும். ஒரிஜினல் மாதிரி ஆகாது, காது பிழைக்கும்.

“கேட் வச்சா நோட்டு வால் அறுந்துருது”

நாய்ஸ் கேட்டை (வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்கும் பெடலை) பூஸ்டருக்குப் பின்னால், ஆம்புக்கு முன்னால் மட்டும் வைத்தால் அது ஆம்பின் சொந்த இரைச்சலைத் தொடவே தொடாது. நீங்கள் கேட்டை இன்னும் இறுக்குவீர்கள், நோட்டு அறுந்துபோகும். ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் இருந்தால், கிட்டார் சிக்னலைக் கேட்டு லூப்பில் வெட்டும் வகை கேட் வாங்கி நான்கு கேபிளில் மாட்டுங்கள். அதற்கு முன், கெயினை இறக்கச் சொன்னேனே, செய்தீர்களா?

“மிதிக்கும்போது ‘டப்’புனு வெடிக்கி”

உள்வாசலிலும் வெளிவாசலிலும் எர்த்துக்கு 1 முதல் 2.2 மெக் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைத்தால், கெப்பாசிட்டரில் தேங்கியது வடிந்துவிடும். வைத்த பிறகும் வெடித்தால் அந்தக் கெப்பாசிட்டரே கசிகிறது, மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் தீராமல் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால், பெடலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எலிமினேட்டர், இரண்டு கேபிள், முடிந்தால் கிட்டாரும். போன மாதம் அம்பையிலிருந்து ஒரு தம்பி பஸ் ஏறி வந்து பெடலை மேஜையில் வைத்தார். என் ஆம்பில் மாட்டினேன், ஒரு குறையும் இல்லை. வீட்டில் கிடந்த எலிமினேட்டரை அடுத்த ஞாயிறு மறுபடி பஸ் ஏறிக் கொண்டுவந்தார். அளந்தேன். 14.2 வோல்ட்.